அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்குத் தம்பியை அனுப்பலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

ஓஹையோவில் முதுகலை படிக்க வந்து முதல் பருவம்கூட முடியாத நிலையில், வியாசர்பாடியில் இருக்கும் உங்கள் தம்பியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்துவிட்டுச் சென்னை லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும் அவருக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முழு ஸ்காலர்ஷிப்போடு இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. அதற்கு முன்பணமாக மூன்று லட்சம் ரூபாயும், பிறகு கிடைக்கும் உதவித்தொகையில் பத்து சதவீதமும் கேட்கிறது. வீட்டில் கடன் வாங்கிக் கட்டலாமா என்பது உங்கள் கேள்வி. பல ஆண்டுகளாக இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாதை உண்மையானதுதான். ஆனால் அந்த ஏஜென்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர்கள் கேட்கும் பத்து சதவீதமே அதற்குப் போதுமான காரணம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, வீடியோ தயாரித்துப் பயிற்சியாளர்களுக்கு அனுப்பித் தரும் சேவைக்கு ஒரு குறிப்பிட்ட கட்டணம் வாங்கலாம். ஆனால் உதவித்தொகையோடு இடம் வாங்கிக் கொடுத்தால் இவ்வளவு என்று பேசி வாங்கும் கட்டணம் முகவர் கட்டணமாகக் கருதப்படும். அதில் கையெழுத்திட்டால் மாட்டிக்கொள்வது ஏஜென்சி அல்ல, உங்கள் தம்பி. ஆடும் தகுதியே கேள்விக்குள்ளாகும். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இதை அறியாதவர்களும், அறிந்தே கேட்பவர்களும் உங்கள் தம்பியின் வாழ்க்கையைக் கையாளத் தகுதியற்றவர்கள்.

வெளிநாட்டு வீரர்களைச் சேர்ப்பது இங்கே புதிய வழக்கம் அல்ல. வாஷிங்டனில் உள்ள, கறுப்பின மாணவர்களுக்கென்று எழுந்த ஹோவர்ட் பல்கலைக்கழகம், டிரினிடாட்டைச் சேர்ந்த லிங்கன் ஃபிலிப்ஸின் பயிற்சியில், கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த மாணவர்களைப் பெரும்பாலும் நம்பி 1971-ல் தேசியப் பட்டம் வென்றது. சில வீரர்களின் தகுதியில் குறை கண்டு என்சிஏஏ அந்தப் பட்டத்தைப் பறித்தது. ஹோவர்ட் நீதிமன்றம் சென்றது. வெளிநாட்டு மாணவர்களை மட்டும் குறிவைத்திருந்த ஒரு விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்த வழக்கில் தீர்ப்பாயிற்று. இதற்கிடையே 1974-ல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் அதே பல்கலைக்கழகம் மீண்டும் பட்டம் வென்றது. வெளியிலிருந்து வருபவர் மைதானத்தில் தோற்பதைவிடக் காகிதத்தில் தோற்பதே அதிகம் என்பதை அன்றிலிருந்தே பார்க்க முடிகிறது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2021 மே மாதம் மேற்கு வர்ஜீனியாவின் மார்ஷல் பல்கலைக்கழகம் இந்தியானாவை 1-0 என்று வென்று முதல்முறையாகப் பட்டம் பெற்றது. கூடுதல் நேரத்தில் கோல் அடித்த ஜமீல் ராபர்ட்ஸும் பயிற்சியாளர் கிறிஸ் கிராஸியும் இங்கிலாந்துக்காரர்கள். 2024 டிசம்பரில் அதே மார்ஷலை வெர்மான்ட் 2-1 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் சமன் செய்த கோல் ஹங்கேரியைச் சேர்ந்த மார்செல் பாப்புடையது. வெற்றி கோல் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்சிமிலியன் கிஸ்ஸலுடையது. கானாவின் ரைட் டு டிரீம் அகாடமியிலிருந்து வந்து லாஸ் ஏஞ்சல்ஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் படித்த அபு டன்லாடிதான் 2017-ல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான எம்எல்எஸ்ஸின் வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஆகவே ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் உங்கள் தம்பி யாரோடு போட்டியிடுகிறார் என்பதையும் இதே பெயர்கள் சொல்கின்றன. ஐரோப்பியக் கிளப்புகளின் அகாடமிகளில் சிறுவயதிலிருந்து வளர்ந்து, பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒப்பந்தம் கிடைக்காமல் வெளியேறும் பையன்களைத்தான் பயிற்சியாளர்கள் முதலில் தேடுகிறார்கள். அவர்களுடைய ஆட்டங்கள் முழுமையாகப் பதிவாகியிருக்கும். சென்னை லீக் ஆட்டத்தை இங்குள்ள ஒரு பயிற்சியாளர் பார்த்திருக்க வாய்ப்பே குறைவு.

இடங்களும் குறைவு. என்சிஏஏவின் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான முதற்பிரிவில் பெண்கள் கால்பந்து அணிகள் 300-க்கும் மேல் இருக்க, ஆண்கள் அணிகள் 200-ஐச் சற்றே தாண்டும். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 1972-ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் பெண்களுக்கு நியாயமான பங்கைக் கேட்கிறது; ஆண்களின் பங்கில் பெரும்பகுதியை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு விளையாட்டான அமெரிக்கன் ஃபுட்பால் எடுத்துக்கொள்கிறது; மிச்சத்தைத்தான் மற்ற விளையாட்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. அது நல்ல சட்டம், அதை நான் குறை சொல்லவில்லை. வியாசர்பாடியில் நன்றாக ஆடும் பெண்பிள்ளைகள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், இந்தப் பாதையை அவர்களிடமும் சொல்லுங்கள். அவர்களுக்கு இங்கே கதவு இன்னும் அகலமானது.

முழு ஸ்காலர்ஷிப் என்ற பேச்சைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நெடுங்காலமாக முதற்பிரிவில் ஓர் ஆண்கள் அணி முழுமைக்கும் 9.9 முழு உதவித்தொகைக்குச் சமமான பணம்தான் உச்சவரம்பு. அதைத்தான் முப்பது பேர் வரை இருக்கும் அணிக்குப் பயிற்சியாளர் கூறுபோட்டுக் கொடுத்தார். கோல்கீப்பர் தேவையென்றால் அவருக்குப் பெரிய பங்கு, மாற்று ஆட்டக்காரருக்குப் புத்தகச் செலவு மட்டும் என்று அது பிரியும். 2025 ஜூனில் கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு இந்த உச்சவரம்பு நீங்கி, அணிக்கு 28 பேர் என்ற எண்ணிக்கை வரம்பு வந்தது. 28 பேருக்கும் முழுப் பணம் கொடுக்கலாம் என்பது விதி. கொடுக்க வேண்டும் என்பது அல்ல. புதிதாக வரும் பணம் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் இப்போது எளிதாகிவிட்டதால், இருக்கும் இடத்துக்கு இருபத்தொரு வயது அனுபவசாலியை எடுக்கவே பயிற்சியாளர்கள் விரும்புகிறார்கள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. படிப்புக்கான உதவி மட்டும் உண்டு. என்ஏஐஏ என்ற தனி அமைப்பில் உள்ள சிறு கல்லூரிகளும், ஈராண்டு ஜூனியர் கல்லூரிகளும் வெளிநாட்டு வீரர்களை நிறையவே எடுக்கின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த டாம் டுவையர் டெக்சஸின் டைலர் ஜூனியர் கல்லூரியில் ஆடி, அங்கிருந்து தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் சென்று, எம்எல்எஸ் ஆடி, பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று இந்நாட்டு அணிக்கே ஆடினார். உங்கள் தம்பிக்கு எட்டக்கூடிய கதவு இந்த வகைக் கல்லூரிகளில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மாணவர் தன் உதவித்தொகைக் கடிதத்தை என் மேசையில் விரித்து வைத்தார். முதல் வரியில் கல்விக் கட்டணத்தில் அறுபது சதவீதத் தள்ளுபடி. இரண்டாம் வரியில் புத்தகங்கள். மூன்றாம் வரியில், தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் மாணவரே பொறுப்பு. கடைசியில் சின்ன எழுத்தில், இந்த உதவி ஓராண்டுக்கு மட்டும், புதுப்பிப்பது பயிற்சியாளரின் பரிந்துரையைப் பொறுத்தது. அவருடைய ஊரில் எல்லோரும் அதை முழு ஸ்காலர்ஷிப் என்றே கொண்டாடியிருந்தார்கள். அவருடைய தாய்மாமன் மீதிப் பணத்துக்கு வங்கிக் கணக்கைக் காட்டியிருந்தார். காட்டிய பணம் அவசரத்துக்கு எடுத்த கைமாற்று. ஜனவரியில் இரண்டாம் பருவக் கட்டணம் வந்தபோது அந்தப் பையன் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இப்படி இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி கொடுக்கும் முன், முதலாண்டின் மொத்தச் செலவில் உதவித்தொகை போக மீதி எங்கிருந்து வரும் என்பதற்கு ஆதாரம் கேட்கும். ஆண்டுச் செலவு 45,000 டாலர், உதவி 27,000 டாலர் என்றால், 18,000 டாலர் உங்கள் வீட்டுப் பொறுப்பு; நான்காண்டுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் மட்டும் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்பது உங்களுக்கே தெரியும். பயிற்சி, பயணம், வகுப்பு எல்லாம் போக ஆட்டக்காரருக்கு அந்த நேரமும் மிஞ்சாது. உடன் ஆடும் அமெரிக்கப் பையன்கள் 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். அதைப் பார்த்து இவரும் ஒரு கடைக்காகக் காசு வாங்கிக்கொண்டு வீடியோ போட்டால், அது அனுமதியில்லாத வேலையாகி விசாவுக்கே ஆபத்து. இன்னொன்றையும் ஏஜென்சிகள் சொல்வதில்லை: உதவித்தொகையில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வரிக்கு உட்பட்டது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அதில் பொதுவாக 14 சதவீதம் பிடித்தம் செய்வார்கள்; ஆண்டு முடிந்ததும் 1042-எஸ் என்ற படிவம் வரும், அதை வைத்துக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

இனி அவசரமான விஷயம். உங்கள் தம்பிக்குக் கடிகாரம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது. முதற்பிரிவில் நடைமுறையில் இருந்துவரும் விதிப்படி, பள்ளி முடிக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு சலுகை உண்டு. அதன் பின்னும் கல்லூரியில் சேராமல் லீக் போன்ற முறையான போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால், அப்படிப் போகும் ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆட்டப் பருவம் கழிக்கப்படும். சேர்ந்த பிறகு ஓராண்டு போட்டியில் இறங்காமலும் இருக்க வேண்டிவரும். வரும் ஆகஸ்டில் சேர்ந்தால் இழப்பு இல்லை. "இரண்டு வருஷம் லீக்கில் பெயர் எடுக்கட்டும், பிறகு அனுப்புவோம்" என்று நம் ஊரில் நல்லெண்ணத்தோடு சொல்லும் யோசனை இங்கே அவருக்கு எதிராகவே வேலை செய்யும். தகுதி விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், என்சிஏஏ தகுதி மையம் வெளியிடும் நடப்பு ஆண்டுக் கையேட்டை நீங்களே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அந்த மையத்தில் பதிவு செய்ய ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான மதிப்பெண் பட்டியல்கள் வேண்டும். முதற்பிரிவுக்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் முதலான 16 அடிப்படைப் பாடங்களும் நான்குக்கு 2.3 என்ற மதிப்பெண் சராசரியும் கேட்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை 2023-ல் என்சிஏஏ தன் நிபந்தனையிலிருந்து நீக்கிவிட்டது. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்குச் சமூக அறிவியல் ஒன்பதிலும் பத்திலும் மட்டும்தான் இருக்கும், ஆகவே அந்தப் பட்டியல்களை அலட்சியம் செய்ய வேண்டாம். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டைத் தேடி எடுப்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். மற்றொன்று: லீக்கில் அவருக்கு ஏதாவது பணம் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பயணப்படி, சாப்பாடு, பூட்ஸ் போன்ற நியாயமான செலவுக்கு மேல் வாங்கியிருந்தால் அது அமெச்சூர் தகுதியைத் தொடும். அலுவலக அணி ஏதேனும் சம்பளத்தோடு கூப்பிட்டால், இந்தப் பாதை வேண்டுமா, அந்த வேலை வேண்டுமா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டும். அந்த வேலை எடுத்தால் தவறு என்று நான் சொல்லமாட்டேன். பல குடும்பங்களுக்கு அதுவே நல்ல முடிவாக இருந்திருக்கிறது.

வந்த பிறகு வாழ்க்கை எப்படியிருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஆகஸ்டு முதல் நவம்பர் வரை வாரத்துக்கு இரண்டு ஆட்டம்கூட இருக்கும். பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம் என்பது விதியின் கணக்கு. பேருந்துப் பயணம் அதில் சேராது. மாற்றப்பட்டு வெளியே போனவர் மீண்டும் உள்ளே வரலாம் என்பதால் ஆட்டம் ஓட்டமும் மோதலுமாக இருக்கும். நம் பையன்களின் காலில் உள்ள வித்தை இங்கே எடுபட உடல் வலுவும் வேண்டும். படிப்பில் பருவத்துக்கு 12 கிரெடிட் (பாடச்சுமையின் அளவு) குறையாமல் இருக்க வேண்டும். காயம்பட்டாலும், அணியிலிருந்து நீக்கப்பட்டாலும், மாணவர் என்ற நிலை மட்டும்தான் அவரை இந்த நாட்டில் நிறுத்தும். எனவே படிப்பு எது என்பதைக் கால்பந்தைவிட முதலில் முடிவு செய்யுங்கள். அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் என்றால் படித்து முடித்தபின் 12 மாதமும், மேலும் 24 மாதமும் வேலை பார்க்க வழி இருக்கிறது.

ஏஜென்சி இல்லாமலே பயிற்சியாளர்களுக்கு எழுதலாம். அவர்களுடைய மின்னஞ்சல் முகவரிகள் கல்லூரிகளின் தளங்களிலேயே இருக்கின்றன. நாலைந்து நிமிடத் தொகுப்பு வீடியோவோடு, வெட்டாத ஒரு முழு ஆட்டத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறார் என்பதை அதில்தான் பார்ப்பார்கள். பிறந்த தேதி, உயரம், எந்தக் காலில் ஆடுகிறார், மதிப்பெண், வீட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்ற ஐந்தும் கடிதத்தின் தொடக்கத்திலேயே இருக்கட்டும். நீங்கள் ஓஹையோவில் இருப்பது நல்ல வசதி. 2010-ல் தேசியப் பட்டம் வென்ற ஏக்ரன் பல்கலைக்கழகத்தின் ஆட்டத்தை இந்த அக்டோபரிலேயே நேரில் பாருங்கள். தம்பி ஆடும் இடத்தில் ஆடுபவரை மட்டும் போனில் படம்பிடித்து அவருக்கு அனுப்புங்கள், அவரே தன்னை ஒப்பிட்டுச் சொல்வார். ஏதாவது கல்லூரியிலிருந்து உதவித்தொகைக் கடிதம் வந்தால், கையெழுத்திடும் முன், நான்காண்டு உதவியா ஓராண்டு உதவியா, முழங்கால் தசைநார் அறுந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, கோடை விடுமுறையில் தங்கும் அறை உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடிதத்தையும் ஐ-20 கணக்கையும் எனக்கு அனுப்பினால் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.