மடியில் அறுந்த கண்

அன்புள்ள ஐயா,

நான் பாம்பனில் விசைப்படகுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் வலை கட்டும் வேலை. மாலையில் ஆறேழு பேர் உட்கார்ந்து கைப்பேசியில் படம் பார்ப்போம். ஒருவர் ஒரு படத்தைச் சிபாரிசு செய்வார், மற்றவர்கள் அதைக் கிழிப்போம். சென்ற வாரம் ஒரு கடற்கரைக் கிராமத்துக் கதை. காலையில் கடலில் உதித்த சூரியன் மாலையிலும் கடலிலேயே மறைகிறது. மே மாத விடுமுறைக்கு மகள் வந்திருக்கிறாள். அப்பா விசைப்படகில் போய்ப் புயலில் சிக்குகிறார். நான் சிரித்துவிட்டேன். "படத்தைப் படமாகப் பார்" என்று நண்பர்கள் திட்டினார்கள். என் மாமா மட்டும் என் பக்கம். டைட்டானிக் படத்தில் நாயகி மட்டும் ஏறிப் பிழைத்த பலகையையே அவர் இன்னும் விடாதவர். "இடம் இருந்தது, மிதப்பு இல்லை" என்பார். கதையில் லாஜிக் பார்ப்பது தவறா? ஓட்டையே இல்லாத படம் ஒன்று சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பாம்பன்)

அன்புள்ள தம்பி,

சூரியன் விஷயத்தில் நீங்கள் தோற்றீர்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது என்பது சென்னைக்காரர் கணக்கு. பஸ் ஏறித் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போய்ப் பாருங்கள். ஒருபக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா; உதயமும் கடலில்தான், அஸ்தமனமும் கடலில்தான். இயக்குநர் தெரிந்து எடுத்தாரா, தெரியாமல் தப்பினாரா என்று ஆராய எனக்கு விருப்பமில்லை.

விசைப்படகு விஷயம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்கள் கரையில் விசைப்படகு கடலில் இறங்கக் கூடாது. தடையே 2001-ல்தான் வந்தது. கதை அதற்கு முந்தியது என்றால் விட்டுவிடலாம். நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். நாயகன் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது.

வலை கட்டுகிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலை முழுக்கத் துளைதான். வாய்ப்பக்கம் நாலு கண் அறுந்தால் அன்றைய பாடு போய்விடாது. மீன் வந்து சேரும் மடியில் அறுந்தால் வெறும் தண்ணீரைத்தான் இழுத்து வருவீர்கள். அந்த அப்பா மே மாதம் கடலுக்குப் போவதில்தான் கதையின் மொத்த எடையும் தொங்குகிறது. அறுந்தது மடியில்.

தகவல் பிழை என்பதற்காக நான் வருந்தவில்லை. தடையைப் பற்றி ஒரு மீனவரிடம் கேட்டிருந்தால் அந்த இயக்குநருக்கு இதைவிட நல்ல கதை கிடைத்திருக்கும். பள்ளி ஜூன் தொடக்கத்தில் திறந்துவிடும், படகு 15-ஆம் தேதிதான் இறங்கும். நடுவில் கிடக்கும் அந்த நாள்களில்தான் அம்மாவின் காதுத்தோடு துணியில் முடிந்து அடகுக்கடைக்குப் போகிறது. அதைப் பார்த்த அப்பா ஓர் இரவு யாருக்கும் தெரியாமல் படகை எடுத்தார் என்று வையுங்கள். புயல் வருகிறது. அவரைத் தேடச் சொல்லி அம்மா யாரிடம் போவாள்? போனால் தடையை மீறியதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆள் இல்லை. படத்தில் அவள் கரையில் நின்று சத்தமாக அழுகிறாள். இந்தக் கதையில் அவளால் வாய்விட்டு அழக்கூட முடியாது.

உங்கள் மாமாவுக்கு என் வணக்கம். நாயகன் ஜாக் ஏற முயலும்போது பலகை புரள்வதை டைட்டானிக் படமே காட்டுகிறது. அதைக் கவனிக்காமல் 1997 முதல் உலகம் சண்டை போடுகிறது. 2023-ல் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனே ஆட்களைக் குளிர்ந்த நீரில் இறக்கிச் சோதித்து, ஒரு வகையில் ஜாக் பிழைத்திருக்கவும் கூடும் என்று ஒப்புக்கொண்டார். அப்போதும் மாமா சொன்ன மிதப்புக் கணக்குதான் முதலில் வந்தது. இன்னொன்று: அந்தக் கப்பல் மூழ்கியது 1912 ஏப்ரல் 15 அதிகாலை. உங்கள் தடை தொடங்கும் தேதி.

நண்பர்களையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். சிறுவயதில் கீழக்கரைப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து படம் பார்த்தோம். படம் ஓட்டுகிறவர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். செத்துப் பாடையில் போனவர் அடுத்த காட்சியில் வெற்றிலை போட்டபடி மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு இல்லை. நான் அப்பத்தாவைப் பார்த்தேன். "முன்னே நடந்ததை நினைத்துப் பார்க்கிறார்கள், பேசாமல் பார்" என்றார். மறுபடி பாடை வந்தபோது இரண்டாவது முறையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓட்டையில்லாத படம் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் கிடையாது. மடி கிழியாத படம் என்றால் 1954-ல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' பாருங்கள். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். விசாரிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அவனைக் கொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, எழுந்து போய் டீ குடிக்க வழியில்லை. மாமாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கதை கரையோடு நின்றுவிடுகிறது. மிதப்பும் காற்றும் இல்லாத இடத்தில் அவர் எதைப் பிடிக்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.