கூட்டு அசமன்பாட்டின் தீர்வை இடைவெளியாக எழுதுவது எப்படி?

கிருஷ்ணகிரியில் பதினோராம் வகுப்பு படிக்கும் தம்பி கேட்டது: 1 ≤ 5 − 2க < 9, அப்புறம் "க < −1 அல்லது க ≥ 4", இரண்டையும் இடைவெளியில் எப்படி எழுதுவது?

இடைவெளி என்றால் இரண்டு எல்லைகளுக்கு நடுவே உள்ள எல்லா எண்களும். முதலில் அடைப்புக்குறி. எல்லை எண்ணும் தீர்வில் சேர்ந்தால் சதுரம், சேராவிட்டால் வளைவு. நம்ம ஊர் கே.ஆர்.பி. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி. காலியிலிருந்து அதுவரை என்றால் [0, 52], நிரம்பாத நிலை மட்டும் வேண்டுமென்றால் [0, 52).

சரி, முதல் கணக்கு. மூன்று பக்கமும் 5-ஐக் கழித்தால் −4 ≤ −2க < 4. இனி −2-ஆல் வகுக்க வேண்டும். குறை எண்ணால் வகுத்தால் இரண்டு குறிகளும் திரும்பும்: 2 ≥ க > −2. இதை அப்படியே [2, −2) என்று எழுதிவிடாதே. இடைவெளியில் சிறிய எண்தான் முதலில் வரும். −2 < க ≤ 2 என்று மாற்றி எழுது, விடை (−2, 2]. சந்தேகம் இருந்தால் க = 2 போட்டுப் பார்: 5 − 4 = 1, பொருந்துகிறது. க = −2 போட்டால் 9 வரும், அது 9-ஐ விடச் சிறியதல்ல. சதுரமும் வளைவும் சரியான இடத்தில் இருக்கின்றன.

இரண்டாவதில் "அல்லது" இருப்பதால் சேர்ப்பு (∪), அதாவது இரண்டில் ஏதாவது ஒன்றில் உள்ள எல்லா எண்களும்: (−∞, −1) ∪ [4, ∞). முடிவிலிக்கு எப்போதும் வளைவுதான், அது எண் அல்ல. இதை 4 ≤ க < −1 என்று ஒரே வரியில் சுருக்கக் கூடாது. அப்படி ஓர் எண்ணே கிடையாது. அதே இரண்டு நிபந்தனைகள் "மற்றும்" என்று இணைந்திருந்தால் வெட்டு, அதாவது இரண்டுக்கும் பொதுவான எண்களை எடுக்க வேண்டும், விடை வெற்றுக் கணம்.