விமானம் கிளம்பும் முன் பணிப்பெண் அந்த போனில் விமானியிடம் என்ன சொல்கிறார்? அது வெறும் சம்பிரதாயமா?

வாகைக்குளத்தில், அதாவது நம்ம தூத்துக்குடி விமான நிலையத்தில், ஏறி சென்னை போகிறவர் கேட்டிருக்கிறீர்கள்: ஓட ஆரம்பிக்கும் முன் பணிப்பெண் சுவரில் மாட்டியிருக்கும் போனை எடுத்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறாரே, அது சம்பிரதாயமா, காக்பிட் என்கிற விமானி அறையின் கதவைப் பூட்டிய பிறகு ஏதாவது தப்பாகப் பட்டால் எப்படிச் சொல்வார்கள் என்று. வீட்டில் மகளோ தங்கை மகளோ இந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள் போலத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

சம்பிரதாயம் இல்லை அண்ணாச்சி. அந்த இரண்டு வார்த்தை, 'கேபின் செக்யூர்' (பயணிகள் பகுதி தயார்), வராமல் விமானி த்ராட்டிலை, அதாவது என்ஜின் வேகத்தைக் கூட்டும் பிடியை, தள்ளக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி சொல் மாறும், 'கேபின் ரெடி' என்பார்கள், ஏர்பஸ் கம்பெனியின் சில விமானங்களில் போனுக்குப் பதில் ஒரு பட்டன் இருக்கும். 'எங்க கம்பெனியில் அப்படி இல்லை' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பொருள் ஒன்றுதான்.

பேச்சு அங்கே ஆரம்பிப்பதும் இல்லை. பயணிகள் ஏறும் முன்பே கேப்டன் எல்லோரையும் கூட்டிப் பேசுவார். பறக்கும் நேரம் எவ்வளவு, எந்த இடத்தில் குலுக்கும், விமானத்தில் எது வேலை செய்யவில்லை, காக்பிட்டுக்குள் வர என்ன அடையாளம், அவசரம் என்றால் என்ன வார்த்தை. பிறகு பணிப்பெண்கள் தீயணைப்பான், ஆக்சிஜன் சிலிண்டர், புகை முகமூடி, டார்ச், மெகாஃபோன் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள். குறை இருந்தால் அப்போதே கேப்டனுக்குப் போக வேண்டும். கதவு மூடும் வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்தது தலைக்கணக்கு. நம்ம தூத்துக்குடிப் பயணத்தில் இது ரொம்ப முக்கியம். ஓடுதளம் 1,350 மீட்டர் சொச்சம் இருந்த காலம் முழுக்க இங்கே ஏ.டி.ஆர் போன்ற சின்ன விமானங்கள்தான் வந்தன. பிறகு அது 3,115 மீட்டர் ஆனது, புதிய முனையம் திறந்தது 2025 ஜூலையில்தான். ஏ.டி.ஆர் 72-இல் 78 இருக்கை வரை போடலாம். 50 இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் பணிப்பெண்கள் இரண்டே பேர். ஏறும் கதவு பின்னால், சாமான் ஏற்றும் பெரிய கதவு முன்னால். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எடையின் மையம் நகரும். அதை வைத்துத்தான் விமானி டிரிம் போடுகிறார், அதாவது மூக்கு ஏறாமல் இறங்காமல் விமானத்தைச் சமன் செய்கிறார். முன்னால் இத்தனை, நடுவில் இத்தனை, பின்னால் இத்தனை என்று எண்ணி, லோட் ஷீட் என்கிற எடைக்கணக்குத் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு தலை வித்தியாசம் வந்தாலும் மறுபடி எண்ண வேண்டும். 'பின்னால் காலியாத்தானே கிடக்கு, நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்துக்கறோம்' என்று நீங்கள் கேட்கும்போது அந்தப் பிள்ளை தயங்குவது திமிரால் இல்லை. கேப்டனிடம் கேட்காமல் அவளால் சரி என்று சொல்ல முடியாது.

கதவு விஷயத்தில் ஒரு வித்தியாசம். மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ ஏர்பஸ் ஏறினால் 'ஆர்ம் டோர்ஸ் அண்ட் கிராஸ் செக்' என்று காதில் விழும். அவசரத்தில் இறங்குவதற்காகக் கதவில் மடித்து வைத்த சறுக்கை ஆயத்தப்படுத்தச் சொல்வது அது. அதன்பின் உள்ளேயிருந்து கதவைத் திறந்தால் சறுக்கு ஊதி வெளியே விரியும். அதனால்தான் ஒருவர் செய்ததை எதிர்க்கதவுக்காரர் பார்த்து உறுதி சொல்கிறார். ஏ.டி.ஆரின் தரை தாழ்வு, கதவே படிக்கட்டு, அதில் சறுக்கு கிடையாது.

பிறகு கேபின் சோதனை. பெல்ட், சாய்ந்த இருக்கை, மடக்காத தட்டு, மூடிய ஜன்னல் திரை, கழிவறையில் யாராவது இருக்கிறார்களா, சாப்பாடு வைக்கும் அலமாரிகளின் தாழ்ப்பாள். நம்ம ஊர் விமானத்தில் கூடுதலாக ஒன்று: மடியில் அல்வா பார்சல். நெய் கசியுமென்று சட்டியைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே வைக்க மனசு வராமல் இருப்பார்கள். விமானம் திடீரென்று பிரேக் பிடித்தால் அந்த இரண்டு கிலோ முன்சீட்டில் போய் அடிக்கும், கையும் பெல்ட்டைக் கழற்ற இருக்காது. முன்சீட்டுக்கு அடியிலோ மேலே பெட்டியிலோ வைத்தால்தான் செக்யூர். சென்னையில் விமானம் வரிசையில் நிற்கும், நேரம் கிடைக்கும். சின்ன நிலையத்தில் விமானம் ஓடுதளத்துக்கு உருண்டு போகும் தூரம் குறைவு, பயணிகளுக்குப் பாதுகாப்பு செய்து காட்டுவதும் சோதனையும் இரண்டு பேர் அதற்குள் முடிக்க வேண்டும்.

தப்பு நடப்பது இங்கேதான். நேரம் இல்லை என்று முன்கூட்டியே 'செக்யூர்' கொடுத்துவிடுவது. கொடுத்த பிறகு ஒருவர் எழுந்து கழிவறைக்குப் போனால் அந்த வார்த்தை செல்லாது. உடனே திரும்ப போனை எடுத்து 'கேபின் நாட் ரெடி' என்று சொல்ல வேண்டும். விமானி நின்று காத்திருப்பார், திட்ட மாட்டார். கடைசியில் காக்பிட்டிலிருந்து 'டேக் ஆஃப்' அறிவிப்பு வரும். அது வருவதற்குள் பணிப்பெண் தன் இருக்கையில் தோள் பெல்ட்டும் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்வி. கிளம்பியதிலிருந்து 10,000 அடி வரையும், இறங்கும்போது அந்த உயரத்துக்குக் கீழேயும் காக்பிட்டில் வேலைப் பேச்சு மட்டும் என்பது விதி. அமெரிக்காவில் 1981-இல் கொண்டுவந்தார்கள், 1974-இல் அங்கே சார்லட் நகரில் நடந்த விபத்தில் இறங்கும் நேரத்தில் விமானிகள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்ததுதான் காரணம். ஆனால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அப்போது கூப்பிடவே கூடாது என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு. பாதுகாப்பு விஷயம் என்றால் எந்த நொடியிலும் கூப்பிடலாம், கூப்பிட வேண்டும். கூப்பிடாததற்கு ஓர் உதாரணம்: 1989 மார்ச் 10, கனடாவின் டிரைடன் நகரம். ஃபோக்கர் எஃப்-28 இறக்கையில் பனி படிந்திருந்ததைப் பணிப்பெண்ணும், பயணிகளாக வந்த விமானிகளும் பார்த்தார்கள். காக்பிட்டுக்கு யாரும் சொல்லவில்லை. 69 பேரில் 24 பேர் செத்தார்கள். நம்ம பக்கம் பனி இல்லை. கருகல் நாற்றம், இறக்கையில் எண்ணெய் வழிந்த கோடு, திறந்து கிடக்கும் மூடி, இதெல்லாம் உண்டு.

சொல்லும் விதமும் முக்கியம். எங்கே, என்ன நிறம், என்ன நாற்றம், கூடுகிறதா குறைகிறதா, நீ என்ன செய்தாய். 'ஏதோ புகை மாதிரி' என்றால் விமானிக்கு உதவாது. இடம் வலம் சொல்லும்போது கவனம்: பணிப்பெண் பல இருக்கைகளில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள், அவள் கைக்கு வலம் விமானத்துக்கு இடம். விமானத்தின் மூக்கைப் பார்த்து நின்றால் எந்தப் பக்கமோ, அதைத்தான் சொல்ல வேண்டும்.

கேட்காததை ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. நம்ம பக்கத்தில் பணிப்பெண் பயிற்சி என்று போர்டு வைத்து, கருப்பட்டி விற்றும் நகையை வைத்தும் கட்டிய பணத்தை வாங்கிக்கொண்டு, நடை, உதட்டுச்சாயம், கொண்டை மட்டும் சொல்லித்தருகிற இடங்கள் இருக்கின்றன. மேலே எழுதியதில் ஒரு வரிகூட அங்கே வராது. தீ, புகை, தண்ணீர், கதவு, முதலுதவி எல்லாவற்றுக்கும் பயிற்சி வேலைக்கு எடுத்த பிறகு விமானக் கம்பெனிதான் தருகிறது. சேர்க்கும் முன் 'அவசரப் பயிற்சி உண்டா, எந்தக் கதவில் செய்து காட்டுவீர்கள்' என்று கேளுங்கள். ஒப்பனையும் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு இவ்வளவு பணம் தேவையில்லை.

நீங்கள் பயணியாக எதையாவது பார்த்தாலும் தலைக்கு மேல் உள்ள அழைப்பு மணியை அழுத்துங்கள். பணிப்பெண் உட்கார்ந்திருந்தால் எழுந்து ஓட வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே வரிசை எண்ணைச் சொல்லி, எந்த இறக்கை, என்ன தெரிகிறது என்று சத்தமாகச் சொல்லுங்கள். போன் அவள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும்.