சிகாகோவில் இருக்கும் புத்தகம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் தாத்தா கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்தவர். அவர் விட்டுச்சென்ற புத்தகங்களும் இதழ்த் தொகுதிகளும் இரண்டாயிரத்தைத் தொடும். வீட்டை விற்க வேண்டிய நிலையில் அவற்றை ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு நன்கொடையாக அளிக்க விரும்பிக் கடிதம் எழுதினேன். நன்கொடை நூல்களை இப்போது ஏற்பதில்லை, இடமில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. பிறகு இணையத்தில் தேடியபோது, தாத்தாவிடம் உள்ள 1965-ஆம் ஆண்டுக் கோயில் தலவரலாறு ஒன்றும் 1920-களில் அச்சான நாடகப் பாட்டுப் புத்தகம் ஒன்றும் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் இருக்கக் கண்டேன். இவற்றை அங்கே தேர்ந்தெடுத்தவர் யார்? நம் பல்கலைக்கழகங்கள் எந்த அடிப்படையில் நூல்களை வாங்குகின்றன? நமக்கு இவற்றின் மதிப்புத் தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் குறிப்பிடும் தலவரலாற்றைச் சிகாகோவில் ஒருவர் படித்துப் பார்த்து, மதிப்பறிந்து, வாங்கினார் என்று எண்ண வேண்டியதில்லை. 1965-இல் அச்சான ஒரு சிறு தமிழ் நூல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்தால், அது கோதுமை வழியாகப் போயிருக்க வாய்ப்பு மிகுதி. 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 என்னும் சட்டத்தின்படி இந்தியா வாங்கிய கோதுமைக்கு டாலரில் அல்லாமல் ரூபாயில் விலை கொடுக்க முடிந்தது. மூத்தவர்களுக்கு ரேஷன் கடைப் பேச்சாகவே நினைவிருக்கும் பெயர் அது. அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்க அரசின் கணக்கில் மலைபோல் சேர்ந்தது. பெரும்பகுதியை இங்கேதான் செலவழிக்க முடியும். 1958-இல் அந்தச் சட்டத்தில் செய்யப்பட்ட ஒரு திருத்தம், அப்பணத்தில் புத்தகம் வாங்க அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வழிசெய்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், பனிப்போர்க் கணக்கில், தமிழ் உள்ளிட்ட ஆசிய மொழிகளைக் கற்பிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியிருந்தது. மொழி கற்பிக்கும் துறைகள் தோன்றியபின் அவற்றுக்கு நூல்கள் வேண்டுமல்லவா?

1962-இல் புதுதில்லியில் அந்த நூலகத்தின் கொள்முதல் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. அந்தந்த மொழிப் பகுதியின் புத்தக விற்பனையாளர்கள் புதிதாக வெளிவந்தவற்றைத் திரட்டி அனுப்ப, தில்லியில் அம்மொழி அறிந்த பணியாளர்கள் அவற்றைப் பிரித்துப் பட்டியலிட்டு, ஒரு பிரதியை வாஷிங்டனுக்கும் மற்றவற்றைத் திட்டத்தில் சேர்ந்திருந்த சிகாகோ, பெர்க்கிலி, விஸ்கான்சின், பென்சில்வேனியா முதலான பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, புத்தகம் புத்தகமாகத் தேர்வு செய்யும் வேலையே தொடக்க ஆண்டுகளில் மிகக் குறைவாக இருந்தது என்பதுதான். நாவலும் நாட்டுப்புறப் பாடலும் அரசு அறிக்கையும் தலவரலாறும் ஒரே பெட்டியில் கப்பலேறின. பெற்றுக்கொண்ட நூலகங்கள் எல்லாம் மகிழ்ந்தன என்றும் சொல்ல முடியாது. தமிழோ தெலுங்கோ படிக்கத் தெரிந்த பட்டியலாளர் இல்லாத இடங்களில் கட்டுப் பிரிக்காத மூட்டைகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. பணம் இருந்தது, அதை வேறெங்கும் செலவழிக்க வழியில்லை, ஆகவே வாங்கினார்கள். அந்த விவேகமற்ற வாங்கலே இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதுவோருக்குப் பெருங்கொடையாக அமைந்துவிட்டது. அக்காலத்தில் ஒரு அறிஞர் குழு அமர்ந்து தேர்ந்தெடுத்திருந்தால் சங்க இலக்கியப் பதிப்புகள் போயிருக்கும். உங்கள் தலவரலாறு போயிருக்காது.

ரூபாய்க் கையிருப்பு 1980-களில் தீர்ந்தபின் நிலைமை மாறியது. தில்லி அலுவலகம் தொடர்கிறது. ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பணத்தைக் கொடுத்தே பெற வேண்டும். எந்த மொழி, எந்தப் பொருள், எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். தமிழில் இலக்கியமும் வரலாறும் வேண்டும், பாடநூல் வேண்டாம் என்பதுபோல. உண்மையான தேர்வு அந்தக் குறிப்பை எழுதும் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் வரும் நூல்கள் அக்குறிப்பின் விளைவுகள்தாம்.

நாடகப் பாட்டுப் புத்தகத்தின் கதை வேறு. அது 1920-களுக்கு உரியது என்பதால் ரோஜா முத்தையா சேகரிப்பின் வழியாகப் பட்டியலில் ஏறியிருக்கக்கூடும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சொந்தச் செலவில் சேர்த்தவர். 1992-இல் அவர் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றாமல், ‘மொழி’ என்னும் அறக்கட்டளையுடன் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிறுவியது. மூல நூல்கள் இங்கேயே இருக்க, நுண்படப் (மைக்ரோஃபிலிம்) பிரதிகள் அங்கே செல்வது என்பது ஏற்பாடு. ஆகவே நீங்கள் சிகாகோ பட்டியலில் கண்டது ஒரு படச்சுருளாக இருக்கலாம். மூலநூல் உங்களுக்கு எளிதாகச் சென்றுவரக்கூடிய, அந்த நூலகம் அமைந்துள்ள சென்னைத் தரமணியில் இருக்கலாம். கோபப்படுவதற்கு முன் பட்டியலின் அந்தப் பதிவை ஒருமுறை திறந்து பாருங்கள்.

நம் பல்கலைக்கழகங்களில் நூல் வாங்கும் முறை பெரும்பாலும் துறைகளிலிருந்து தொடங்குகிறது. ஆண்டு நிதி துறைவாரியாகப் பங்கிடப்படும். பேராசிரியர்கள் பட்டியல் தருவார்கள். துறைத் தலைவர் ஒப்பமிடுவார். நூலகம் ஏற்கெனவே உள்ளவற்றை நீக்கிவிட்டு நூலகக் குழுவின் முன் வைக்கும். பின்னர் விற்பனையாளர்களிடம் தள்ளுபடி கேட்டு ஆணை அனுப்பும். நூல் வந்ததும் சேர்க்கைப் பதிவேட்டில் எண் இட்டு, முத்திரை குத்தி, வகைப்படுத்தி, அடுக்கில் வைப்பார்கள். முறை ஒழுங்கானதுதான். ஆனால் பட்டியல் தர வேண்டியவர் தம் பாடத்திட்டத்துக்கு அப்பால் பார்ப்பதில்லை, பலர் பட்டியலே தருவதில்லை. மார்ச் மாதம் நெருங்க, நிதி திரும்பிப் போய்விடும் என்ற அச்சத்தில், விற்பனையாளர் கொண்டுவந்து அடுக்கும் நூல்களிலிருந்து அவசரமாக எடுக்கப்படுகிறது. இங்கும் விவேகமற்ற வாங்கல் நடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நடக்கிறது, ஆனால் விற்பனையாளரின் கிடங்கில் இருப்பது போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் மறுபதிப்புகளும்தான், அவ்வாண்டில் தமிழில் அச்சான அனைத்தும் அன்று. யாரும் கேட்காத நூலைக் கேட்டு வாங்குவதற்கென்று ஒருவரும் பொறுப்பில் இல்லை. சிகாகோ போன்ற இடங்களில் தெற்காசியத் தொகுப்புக்கென்றே தனி நூலகர் உண்டு. எதை வாங்குவது என்று தீர்மானிப்பது அவருடைய முழுநேர வேலை. நம் நூலகங்களில் பல நூலகர் பணியிடங்கள் நிரப்பப்படாமலேயே கிடக்கின்றன. 1924-இல் கணித ஆசிரியராக இருந்த ரங்கநாதனைச் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக நியமித்தது. ஏழே ஆண்டுகளில் அவர் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அவற்றில் மூன்றாவது. வாசகர் வந்து கேட்கும்வரை காத்திருக்கும் கொள்முதல் முறையில் அந்த விதிக்கு இடமே இல்லை.

பணம் போகும் திசையும் மாறிவிட்டது. மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 30 பன்னாட்டுப் பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களுக்காக 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய் ஒதுக்குகிறது. அறிவியல் துறைகளுக்கு இது பெரிய நன்மை, மறுக்கவில்லை. தமிழ்ச் சிற்றிதழ்கள் அந்தப் பட்டியலில் வரப்போவதில்லை.

இவ்வளவு சொன்னபின்னும், உங்களுக்குக் கிடைத்த மறுப்பு தவறென்று நான் நினைக்கவில்லை. நன்கொடை நூல் இலவசம் என்பது கொடுப்பவரின் எண்ணம். பெறுபவர் ஒவ்வொன்றையும் பூச்சி பார்த்து, தூசி துடைத்து, இருப்பில் உள்ளதா என்று ஒப்பிட்டு, பட்டியலிட்டு, இடம் ஒதுக்க வேண்டும். அமிலம் ஏறிய பழுப்புத் தாளாக இருந்தால் பாதுகாக்கவும் வேண்டும். இரண்டாயிரம் நூல்களுக்கு இது ஒரு பணியாளரின் பல மாத உழைப்பு. பதிவேட்டில் ஏறிவிட்டாலோ அது நிறுவனத்தின் சொத்து. கழித்துக்கட்டுவது கடினம், காணாமற்போனால் விளக்கம் சொல்ல வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) ஆண்டில் பயன்படுத்தப்படும் 1,000 நூல்களுக்கு 5 நூல்கள் தொலைவதை, நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமில்லையெனில், இயல்பானதாக ஏற்கின்றன. ஆனால் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரணை உண்டு. அரிய நூலைப் பெற்றுக்கொள்ளத் தயங்கும் நூலகரைக் கோழை என்று சொல்லிவிடுவது எளிது. தணிக்கையின்போது அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டோம். இடப் பற்றாக்குறை பணக்கார நூலகங்களுக்கும் உண்டு. சிகாகோ 2011-இல் கண்ணாடிக் குவிமாடத்தின் கீழே நிலத்தடியில் 35 லட்சம் நூல்கள் கொள்ளும் கிடங்கைக் கட்டியது. அங்கே நூல்கள் பொருள்வாரியாக அல்லாமல் அளவுவாரியாகப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, இயந்திரங்களால் எடுக்கப்படுகின்றன.

குறை எங்கே என்றால், பட்டியலைக்கூடக் கேட்காமல் மறுத்ததில்தான். ஒரு பக்கத்தில் எழுதப்பட்ட நன்கொடைக் கொள்கை இருந்தால் போதும்: இன்னவை வேண்டும், இன்னவை வேண்டாம், மீதியை நாங்கள் விரும்பியபடி அகற்றுவோம் என்று. உங்களைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்களுக்கு வழி தெரிந்துவிடும்.

ஆகவே முதலில் ஒரு பட்டியல் தயாரியுங்கள். நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு ஆகியவை போதும். அவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ரோஜா முத்தையா நூலகத்தின் பட்டியலிலும் ஒப்பிட்டு, இரண்டிலும் இல்லாதவற்றைத் தனியே குறியுங்கள். இரண்டாயிரத்தில் நூறு தேறினாலே பெரிது. அந்த நூறை மட்டும் முன்வைத்து எழுதினால் எந்த ஆய்வு நூலகமும் இரண்டு வரியில் மறுக்காது. தாத்தா பெயரில் தனி அலமாரி வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் வைக்காதீர்கள். திருக்குறள் உரைகளையும் பாரதி கவிதைகளையும் ஏதேனும் பள்ளிக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுத்துவிடலாம், பழைய புத்தகக் கடைக்குப் போட்டாலும் பாவமில்லை. ஆசிரியர் சங்க மலர்கள், ஆண்டறிக்கைகள், நாடக நோட்டீஸ்கள், உள்ளூர் இதழ்கள் ஆகியவற்றை இன்றே பிரித்து வேறிடத்தில் வையுங்கள். வீடு காலி செய்யும் நாளில் எடைக்குப் போடப்படுபவை பெரும்பாலும் அவைதாம்.