புராஸ்டேட் ஆபரேஷன்: சேலம் வாசகர்களின் கேள்விகள்

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. டி.யு.ஆர்.பி. (சிறுநீர்ப் பாதை வழியே கருவியை விட்டு, வீங்கிய புராஸ்டேட் சதையைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன்) செய்வதற்காக ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை இப்போதே நிறுத்திவிடலாமா? (அம்மாபேட்டை)

நீங்களாக ஒன்றையும் நிறுத்த வேண்டாம். அந்த மாத்திரைகளில் குளோபிடோக்ரலைப் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவார்கள். ஆஸ்பிரினைப் பலருக்குத் தொடரவே செய்வார்கள். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகாதவருக்கு மாத்திரையை விட்டால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். ஸ்டென்ட் கார்டோடு இதய மருத்துவரிடம் போங்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போட முடிந்தால் அதுவே நல்லது.

ஆபரேஷன் முடிந்து சிறுநீர் டியூப் எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு, பத்தாம் நாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. எஸ்டேட் வேலைக்குத் திரும்பலாமா? (ஏற்காடு)

சுரண்டிய இடத்தில் கட்டிய பொருக்கு இரண்டாம் வாரத்தில் உதிரும். அப்போது மறுபடி ரத்தம் வரும். தண்ணீரை 2 லிட்டருக்குக் குறையாமல் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும் (இதய, சிறுநீரக நோயாளிகள் டாக்டர் சொன்ன அளவு மட்டும்). மலச்சிக்கல் வரவே விடாதீர்கள். முக்கினால் அந்தப் புண்தான் கசியும். காப்பி மூட்டை தூக்குவது, 20 கொண்டை ஊசி வளைவிலும் பைக் ஓட்டி இறங்குவது எல்லாம் 4 முதல் 6 வாரத்துக்கு வேண்டாம். ரத்தம் கட்டி கட்டியாக வந்து சிறுநீர் அடைத்து அடிவயிறு உப்பினாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். வாடகைக் கார் பிடித்து அன்றிரவே சேலத்துக்கு இறங்குங்கள். டியூப் போட்டுச் சிறுநீர்ப்பையைக் கழுவ வேண்டியிருக்கும். மலை மேல் இருப்பவர்கள் முதல் இரண்டு வாரம் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குவதே எங்கள் யோசனை.

மாமாவுக்கு ஆபரேஷன் முடிந்ததும் உப்புச்சத்து குறைந்து நினைவு தடுமாறியது. ஏன்? (ஆத்தூர்)

மின்கருவியால் சுரண்டும் பழைய மோனோபோலார் முறையில், அந்த இடத்தைக் கழுவ கிளைசின் (ஒரு அமினோ அமிலம்) கலந்த நீரைப் பாய்ச்சுவார்கள். திறந்த ரத்தக்குழாய் வழியே அது உள்ளே இறங்கினால் ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) சரியும். சுரப்பி பெரிதாக இருந்து ஆபரேஷன் நீண்டால் இந்த அபாயம் கூடும். புதிய பைபோலார் முறையில் சாதாரண சலைனே (உப்புநீர்) பாய்வதால் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. எந்த முறை என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தாம்பத்தியம் பாதிக்குமா? (பெயர், ஊர் வேண்டாம்)

விறைப்பு பெரும்பாலோருக்குக் கெடாது. ஆனால் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போவது மிகச் சகஜம், உடலுக்குத் தீங்கில்லை. குழந்தை வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

சுரண்டிய பின் புற்றுநோய் வராதுதானே? (ஓமலூர்)

வரலாம். எடுப்பது உள்சதை மட்டும். புற்றுநோய் அதிகம் தொடங்கும் வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான அறிகுறியைப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை நிறுத்திவிடாமல், எப்போது செய்ய வேண்டுமென்று டாக்டரிடம் கேட்டுத் தொடருங்கள்.