தேதிக்கு ஒருவர், தேவைக்கு ஒருவர்

கேள்வி: மேடம், எட்டு வருடமாக ப்ராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். போன மாதம் எங்கள் நிறுவனத்தில் ‘இனி எல்லாம் அஜைல்’ (சிறு சிறு பகுதிகளாகச் செய்து, திருத்திக்கொண்டே போகும் முறை) என்று ஒரு மெயில் வந்தது. மறுநாளே என்னை ‘ப்ராடக்ட் ஓனர்’ ஆக்கிவிட்டார்கள். அதே எக்செல், அதே திங்கட்கிழமை மீட்டிங், அதே ‘எப்ப முடியும்?’. இரண்டுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினார்களா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: வித்தியாசம் உண்டு. உங்கள் நிறுவனத்துக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

நான் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் லீவு போடுவதற்கு ஓர் ஆப். ஆறு மாதம் கெடு. 38 அம்சங்கள் கொண்ட பட்டியலில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தது. ஒன்றைக்கூட நான் விடவில்லை. வாராவாரம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டமும் பச்சை. நடுவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். அலைந்து ஆள் பிடித்தேன். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே ரிலீஸ். பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. பாராட்டி மெயில் வந்தது, இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து அந்த அலுவலகத்துக்குப் போனேன். கணக்குப் பிரிவில் ஓர் அம்மா. திரையில் எங்கள் ஆப் திறந்திருக்கிறது, பக்கத்தில் நீளமான ஒரு நோட்டு. போன் வருகிறது. நோட்டைப் புரட்டி, “உனக்கு இன்னும் நாலு நாள் இருக்கு” என்கிறார். வைக்கிறார். அடுத்த போன். என்னைப் பார்த்ததும் கேட்டார்: “ஏம்மா, எத்தனை நாள் பாக்கின்னுதானே எல்லாரும் கேக்கறாங்க? அது இதுல எங்கம்மா இருக்கு?”

இருந்தது. நான்காவது திரையில், ‘அறிக்கைகள்’ என்ற பட்டனை அமுக்கினால் மூன்றாவது வரியில். முதல் திரையில் பளிச்சென்று இருந்தது, ஆப்பின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் வசதி. பட்டியலில் அது ஏழாவது அம்சம். ஒன்பது நாள் செலவழித்து அதைச் செய்திருந்தோம்.

தேதி, பணம், ஆள், ஒப்புக்கொண்ட பட்டியல் என்று ப்ராஜெக்ட் மேனேஜரிடம் கேட்கப்படும் எதிலும் நான் தவறவில்லை. ‘நிறம் வேண்டாம், பாக்கி நாளை முதல் திரைக்குக் கொண்டு வாருங்கள்’ என்று சொல்லும் அதிகாரமுள்ள ஆள்தான் அந்த ஆறு மாதமும் எங்களோடு இல்லை. எனக்கே தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அது ஸ்கோப் மாற்றம், அதாவது ஒப்புக்கொண்ட வேலையின் எல்லையையே மாற்றுவது. அதற்கு ஒரு படிவம், மூன்று கையெழுத்து. காலியாக இருந்த அந்த நாற்காலிதான் ப்ராடக்ட் ஓனருடையது.

ப்ராஜெக்ட் என்றால் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு தற்காலிக முயற்சி. 1969-ல் தொடங்கிய ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்டின் விளக்கமும் இதுதான். ரிலீஸ் ஆனதும் கணக்கை முடித்து, கோப்பைக் கட்டி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். நானும் போய்விட்டேன். அந்த அம்மா போக முடியாதே! அவருக்கு ஆப்பின் வாழ்க்கை ரிலீஸ் அன்றுதான் தொடங்குகிறது. ப்ராடக்ட் ஓனரும் அவரோடு அங்கேயே இருக்க வேண்டியவர்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். போன வாரக் காலண்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் பொருளைப் பயன்படுத்தும் ஒருவரோடாவது பேசினீர்களா? பேக்லாகிலிருந்து, அதாவது செய்ய வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து, எதையாவது தூக்கிப் போட்டீர்களா? ஒன்றுமில்லை என்றால் நீங்கள் இன்னும் பழைய வேலையைத்தான் பார்க்கிறீர்கள். மாறும்போது ஒரு பழக்கம் மட்டும் விடாது, எனக்கும் விடவில்லை: ‘இந்த ஸ்பிரின்ட்டில் (குறுகிய ஒரு வேலைச் சுற்றில்) இவ்வளவும் முடியணும்’ என்று நாமே ஏற்றிவிடுவது. எது முதலில், எது அப்புறம் என்பது உங்கள் முடிவு. எவ்வளவு முடியும் என்பதைச் செய்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் வாயைக் கட்டிப்போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: இருவரில் யார் பெரியவர்? யாருக்குச் சம்பளம் அதிகம்?

பதில்: கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோலக் கேட்கிறீர்கள்! ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரி என்று பொது விதி ஏதும் கிடையாது. சம்பளம் அனுபவத்தையும் நிறுவனத்தையும் பொறுத்தது, பதவிப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் டீமின் ப்ராடக்ட் ஓனர் நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் ‘மேலே கேட்டுச் சொல்றேன்’ என்பார். பதில் வர நான்கு நாள் ஆகும். அதற்குள் நாங்களே ஏதோ ஒன்றை முடிவு செய்து கோட் எழுதிவிடுகிறோம். அப்புறம் ‘இது இல்லையே’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவரைத் திட்டிப் பயனில்லை. சாவியைக் கொடுக்காமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அஜைல் முறைகளில் ஒன்று ஸ்க்ரம். அதை உருவாக்கிய ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் எழுதிய ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு 15 பக்கம்கூட வராது. அவ்வளவு சிறிய ஏட்டிலும் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்: ப்ராடக்ட் ஓனர் என்பவர் ஒரே ஆள், குழு கிடையாது, அவர் முடிவை நிறுவனம் முழுவதும் மதித்தால்தான் அவரால் வேலை செய்ய முடியும். அர்த்தமில்லாமல் போன ஸ்பிரின்ட்டை நடுவில் ரத்து செய்யும் அதிகாரமும் அவர் ஒருவருக்குத்தான். நடைமுறையில் பலருக்கு ஒரு பட்டனின் பெயரை மாற்றக்கூட அனுமதி இல்லை.

எங்களிடமும் இப்படி ஒருவர் இருந்தார். ஒரு மாதம் முழுக்க, அவர் ‘கேட்டுச் சொல்றேன்’ என்ற கேள்விகளையெல்லாம் ஒரு தாளில் எழுதினோம். கேட்ட நாள், பதில் வந்த நாள், வந்த பதில். யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை, அவர் கையிலேயே கொடுப்பதற்காக எழுதினோம். அவர் அதை எடுத்துக்கொண்டு தன் மேலதிகாரியிடம் போனார். மொத்தம் 23 கேள்வி. அதில் 19 கேள்விகளுக்கு மேலிடத்திலிருந்து வந்த பதில், ‘உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே செய்யுங்க’. பார்த்த அந்த மேலதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பணமும் சட்டமும் சம்பந்தப்பட்டதை மட்டும் மேலே கேட்டால் போதும் என்று ஆனது. உங்கள் இடத்தில் இதே நடக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் ‘எங்க ஓனருக்கு அதிகாரம் இல்லை’ என்று புலம்புவதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

கேள்வி: ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்க்கலாமா? சின்ன நிறுவனம், வேறு ஆள் கிடையாது.

பதில்: பார்க்கலாம், பலர் பார்க்கிறார்கள். ஒரே தலைக்குள் இரண்டு பேர் சண்டை போடுவார்கள், அவ்வளவுதான். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு குறை தெரிகிறது, வெள்ளிக்கிழமை ரிலீஸ். உள்ளே இருக்கும் மேனேஜர் ‘இப்படியே விடு, தேதி போயிடும்’ என்பார். ஓனர் ‘இதை வெளியே விட்டால் யாரும் தொட மாட்டார்கள்’ என்பார். இரண்டு ஆள் இருந்தால் இந்தச் சண்டை மேஜையில் நடக்கும், நாலு பேர் கேட்பார்கள். ஒரே ஆள் என்றால் பெரும்பாலும் தேதிதான் ஜெயிக்கும். தேதிக்குக் காலண்டர் சாட்சி இருக்கிறது, பயனுக்கு அப்படி ஒன்றும் இல்லையே. அதனால் முடிவு எடுக்கும் நேரத்தில், டீமில் யாரையாவது எதிர்ப்பக்கம் உட்காரவைத்து அந்தப் பக்கத்து வாதத்தைப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்க்ரமில் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு இடமே இல்லை என்கிறார்களே, எங்கள் வேலை போய்விடுமா? ஸ்க்ரம் மாஸ்டர் என்பது புதுப் பெயரிட்ட ப்ராஜெக்ட் மேனேஜர்தானா?

பதில்: ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் என்று அந்த வழிகாட்டியில் மூன்றே தரப்புதான். ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற சொல் இல்லாதது நிஜம். ஸ்க்ரம் மாஸ்டர் வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்பவரும் இல்லை, கெடுவுக்குப் பதில் சொல்பவரும் இல்லை. டீமுக்குள் ஸ்க்ரம் ஒழுங்காக நடக்கிறதா, குறுக்கே ஏதும் தடை நிற்கிறதா என்று பார்ப்பவர்.

ஆனால் ஒரு டீமுக்கு வெளியே எட்டிப் பாருங்கள். பழைய சர்வரிலிருந்து புதியதுக்கு எல்லாத் தரவையும் மாற்ற வேண்டும். மூன்று டீம், இரண்டு வெளி நிறுவனம், முடியப்போகும் ஓர் ஒப்பந்தம், ஒரே இரவில் செய்து முடிக்க வேண்டிய மாற்றம். யார் எப்போது எதைத் தொட வேண்டும், ஒன்று சறுக்கினால் எதெல்லாம் சறுக்கும், யாருக்கு எத்தனை மணிக்குத் தகவல் போக வேண்டும்? இதை ஸ்டிக்கி நோட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிச் சமாளிக்கப் பார்த்த ஓரிடத்தில், இரவு இரண்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது. நான் அப்போது அங்கே ப்ராடக்ட் ஓனர். “மேடம், அந்தப் பழைய எக்செல் ப்ளான் ஒண்ணு வச்சிருப்பீங்களே, இருக்கா?” என்றார்கள்.