மறு: கடல்நீர் 1.5 டிகிரி கூடியதற்கு எல் நினோதான் (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) காரணமா?
இந்தியப் பெருங்கடல் பவளப்பாறையில் வைத்த உங்கள் கருவி, மார்ச்சைவிட மே மாதத்தில் 1.5 டிகிரி கூடுதலாகக் காட்டியதாகச் சொல்கிறீர்கள். அந்த ஒப்பீட்டில் பருவ மாற்றமும் கலந்திருக்கிறது. மே அளவிலிருந்து அதே இடத்தின் 1991–2020 மே சராசரியைக் கழியுங்கள். அந்தச் சராசரிக்குச் செயற்கைக்கோள் தரவு போதும். கருவி 1 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறதென்றால் பகல் வெயில் அளவை ஏற்றிவிடும், விடியலுக்கு முந்தைய பதிவுகளை மட்டும் எடுங்கள்.

மிஞ்சும் வேறுபாட்டை நினோ 3.4 குறியீட்டின் (நடு பசிபிக் கடல்நீரின் சூட்டை வைத்து எல் நினோவை அளப்பது) அதே மாத அளவோடு பொருத்தாதீர்கள், சில மாதம் முந்தைய அளவோடு பொருத்துங்கள். பலர் தவறுவது இங்கேதான்: பசிபிக் சூடான பிறகு இந்தியப் பெருங்கடல் சூடேற 3 முதல் 6 மாதம் ஆகும்.

காரணம் தெரியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஆண்டின் மிகச் சூடான மாதச் சராசரியை 1 டிகிரி தாண்டி, 4 வாரம் அப்படியே நின்றால் பவளம் வெளிறத் தொடங்கலாம். இப்போதே வாரந்தோறும் படமெடுத்து வையுங்கள்.